மரியன் ஆண்டர்சனைப் பாடகியாகக் கேட்டிருக்கிறீர்களா?

பழைய இசைத்தட்டு:

மரியன் ஆண்டர்சன் பெயர் எங்கே வந்தாலும் கூடவே ஒரே புகைப்படம் வரும். லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டு, ஃபர் கோட்டு, முன்னால் மைக் வரிசை. 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. எதிரே 75,000 பேர். வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹால் என்ற அரங்கை வைத்திருந்த ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்’ சங்கம், கறுப்பினப் பாடகி என்பதால் இடம் தர மறுத்தது. அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். கச்சேரி திறந்தவெளிக்கு வந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அவர் என்னதான் பாடினார் என்று கேட்டால் பதில் வராது.

நான் சொல்கிறேன். முதலில் ‘அமெரிக்கா’ என்ற தேசபக்திப் பாட்டு. அடுத்து, டோனிசெட்டியின் ‘லா ஃபாவோரிட்டா’ ஆப்பராவிலிருந்து (பாட்டாகவே நடக்கும் நாடகம்) ‘ஓ மியோ ஃபெர்னாண்டோ’. பிறகு ஷூபர்ட்டின் ‘ஆவே மரியா’. சிறு இடைவெளிக்குப் பின், அடிமைகளாக இருந்த முன்னோர்கள் பாடிவந்த ஸ்பிரிச்சுவல் பாடல்கள் மூன்று. கூட்டம் விடவில்லை, இன்னொன்றும் பாடினார். ஃபின்லாந்துக்காரர் கோஸ்டி வேஹானென் பியானோ வாசித்தார். குளிர் நாள், திறந்தவெளி, முன்னால் மனிதக் கடல். தொண்டை அடைத்துக்கொள்ள அத்தனை காரணமும் இருந்தது. பதிவைக் கேட்டுப் பாருங்கள், ‘ஆவே மரியா’வில் மூச்சு எங்கே எடுக்கிறார் என்றே தெரியாது.

இருபது வருடமாக அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறுக்கப்பட்டவர் என்று மட்டும் அவரை நினைவில் வைப்பது அவருக்குச் செய்கிற இன்னொரு மறுப்பு போலவே எனக்குப் படுகிறது. அதனால் இந்த இழை. பாட்டைப் பற்றிப் பேசுவோம்.

நிலா84:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு நேற்று இரவு கேட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், முதல் சில நொடிகள் ஆண் பாடுகிறாரோ என்று நினைத்தேன். அப்புறம் குரல் மேலே போனதும் வேறு ஒருவர் பாடுவது போல இருந்தது. ‘கான்ட்ரால்டோ’ என்று போட்டிருந்தார்கள். அப்படியென்றால் என்ன? மேற்கத்திய இசை எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அவர் எங்கே, யாரிடம் கற்றார் என்பதையும் சொல்லுங்கள்.

பழைய இசைத்தட்டு:

குரலைப் பற்றி நம் சுருதிப்பெட்டி டீச்சர் சொன்னால்தான் சரியாக இருக்கும். கற்ற கதையை நான் சொல்கிறேன்.

1897 பிப்ரவரி 27 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார். அப்பா ரெடிங் டெர்மினல் சந்தையில் ஐஸும் நிலக்கரியும் விற்றவர். அம்மா வர்ஜீனியாவில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பிலடெல்பியாவுக்கு வந்ததும் பட்டம் இல்லை என்று அந்த வேலை கிடைக்கவில்லை. மூன்று பெண்களில் மரியன் மூத்தவர். ஆறு வயதில் யூனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் சிறுவர் பாடகர் குழுவில் சேர்ந்தார். எட்டு வயதில் அப்பா ஒரு பழைய பியானோ வாங்கி வந்தார். வாத்தியாருக்குக் கொடுக்கப் பணமில்லை. தானே தட்டித் தட்டிப் பழகிக்கொண்டார்.

பன்னிரண்டு வயதில் அப்பா போய்விட்டார். வேலை செய்த இடத்தில் தலையில் அடிபட்டுப் படுத்தவர் எழவில்லை. அம்மா ஊர்த் துணிகளை வாங்கித் துவைத்தார், ஒரு பெரிய கடையில் தரை துடைத்தார்.

பள்ளிப் படிப்பு நடுவில் நின்றுபோனது. அந்த நாளில் ஓர் இசைப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கப் போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் இவருக்குப் பின்னால் நின்றவர்களை எல்லாம் முதலில் கவனித்துவிட்டு, கடைசியில் ‘நாங்கள் கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை’ என்றார். சொன்னது சின்னப் பெண், பார்க்கக் களையாக இருந்தாள், அந்த முகத்திலிருந்தா இப்படி ஒரு வார்த்தை வருகிறது என்று பிரமித்துப்போனதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தூக்கிவிட்டது அவருடைய தேவாலய மக்கள்தான். ‘மரியன் ஆண்டர்சனின் எதிர்காலத்துக்கு’ என்று பெயர் வைத்தே பணம் சேர்த்தார்கள். கூலி வேலை செய்கிறவர்கள் கொடுத்த காசு. அந்தப் பணத்தில்தான் ஜுசெப்பே போகெட்டி என்ற ஆசிரியரிடம் சேர முடிந்தது. இனிமேல் மாணவர்கள் வேண்டாம் என்று சலித்துப்போயிருந்த மனிதர். ஒரு ஸ்பிரிச்சுவல் பாட்டைக் கேட்டுவிட்டு, உடனே இடம் கொடுத்தார். 1921-ல் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது மரியனுக்கு வயது 24.

சுருதிப்பெட்டி:

நிலா, ஆண் குரல் என்று நினைத்தது தவறே இல்லை. பெண் குரல்களில் மிகத் தாழ்ந்தது கான்ட்ரால்டோ. உண்மையான கான்ட்ரால்டோ அபூர்வம். நான் முப்பது வருடமாகக் குரல் பயிற்சி கொடுக்கிறேன். மாணவிகளில் அந்த வகை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்.

நம் பேச்சில் சொன்னால், மரியனின் சாரீரம் மந்தர ஸ்தாயியில் கனத்து, மேலே போகப்போக வேறு நிறம் எடுக்கும். கீழே இருப்பது ஒரு குரல், மேலே இருப்பது ஒரு குரல் என்று சிலர் அதைக் குறையாகக்கூட எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் அவருடைய செல்வம். ஷூபர்ட்டின் ‘மரணமும் கன்னிப்பெண்ணும்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே நிமிடத்துக்குச் சற்று மேல். முதலில் பெண் பதறுகிறாள், என்னைத் தொடாதே, நான் இன்னும் சின்னவள் என்கிறாள். பிறகு மரணம் பேசுகிறது: கையைக் கொடு, நான் தண்டிக்க வரவில்லை, என் கையில் நிம்மதியாகத் தூங்குவாய். அந்தக் கடைசி வார்த்தையில் குரல் கீழே டி என்ற ஸ்வரத்துக்கு இறங்கலாம் என்று ஷூபர்ட் வழிவிட்டிருக்கிறார். பெரும்பாலான பாடகிகள் மேல் ஸ்வரத்தை எடுத்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். மரியன் கீழே இறங்குவார். தரையில் கால் வைப்பது போல அவ்வளவு சாதாரணமாக இறங்குவார். பயமுறுத்தவே மாட்டார். அவர் பாடும்போது மரணம் ஒரு தாய்மாதிரி இருக்கும்.

இதோடு ‘எர்ல்கோனிக்’கையும் கேளுங்கள். காய்ச்சலில் இருக்கும் பிள்ளையை அணைத்துக்கொண்டு இரவில் குதிரையில் விரையும் அப்பா, பிள்ளையைக் கூப்பிடும் பேய்ராஜா, கதை சொல்லி. நான்கு பேரையும் ஒரே தொண்டை பாட வேண்டும். போகெட்டி உட்காரவைத்து உழைக்கவைத்த பாட்டு இது.

கடலோரன்:

நல்ல இழை. ஆனால் ஒரு விஷயத்தை மரியாதையோடு மறுக்க விரும்புகிறேன்.

‘பாட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்’ என்பது அழகாக இருக்கிறது. ஆனால் மரியன் ஆண்டர்சனே தன் வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் நின்றுகொண்டதுதான் எனக்கு உறுத்தல். 1939-ல் அத்தனை பெரிய அவமானம் நடந்தபோது அவர் பத்திரிகைகளுக்குச் சொன்னது மிகக் குறைவு. போராடியது கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் (NAACP) தலைவர் வால்டர் வைட், எலினோர் ரூஸ்வெல்ட், உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கஸ். இவர் வந்து பாடிவிட்டுப் போனார்.

பால் ரோப்சனைப் பாருங்கள். அவரும் பாடகர்தான், அதே தலைமுறை. வாயைத் திறந்து பேசினார். 1950-ல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள், 1958 வரை வெளிநாட்டு மேடைகள் அடைபட்டன, உள்நாட்டில் அரங்குகள் கதவை மூடின. அவர் கொடுத்த விலை அது. அதே காலத்தில், 1957-ல், அர்க்கன்சாஸின் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் தடுத்துக்கொண்டிருந்தபோது, மரியன் அமெரிக்க வெளியுறவுத் துறையின் சார்பில் ஆசியா முழுவதும் கச்சேரி செய்துகொண்டிருந்தார். ‘பாருங்கள், எங்கள் நாட்டில் கறுப்பர்களும் இப்படி உயரலாம்’ என்று காட்டுவதற்கான பயணம். அவர் கெட்ட எண்ணத்தோடு போனார் என்று நான் சொல்லவில்லை. அதை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பழைய இசைத்தட்டு:

கடலோரன் ஐயா, கேட்க வேண்டிய கேள்விதான். ரோப்சன் கொடுத்த விலையை யாரும் சிறிதாக்கிவிட முடியாது. ஆனால் மரியன் ‘பாடிவிட்டுப் போனார்’ என்ற வரியை நான் ஏற்கமாட்டேன்.

தென்மாநிலங்களில் அப்போது கறுப்பினத்தவருக்கு மேல்மாடியோ கடைசி வரிசைகளோதான். மரியன் ஒரு நிபந்தனை வைத்தார். அரங்கை மேலிருந்து கீழாகக் கோடு போட்டுப் பிரியுங்கள், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை எல்லா விலை இருக்கைகளிலும் எங்கள் மக்களுக்கும் இடம் இருக்க வேண்டும் என்றார். அதையும் சிலர் ‘பிரிவினைக்கு ஒத்துக்கொண்டார்’ என்று கண்டித்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அந்த ஏற்பாட்டையும் விட்டார். பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் பாடுவதில்லை என்று முடிவெடுத்தார்.

1943 ஜனவரியில் அதே கான்ஸ்டிடியூஷன் ஹாலில், சீன நிவாரண நிதிக்காகப் பாட அழைத்தார்கள். பார்வையாளர்களைப் பிரிக்காமல் உட்காரவைக்க வேண்டும் என்று கேட்டார். அப்படியே நடந்தது. தன்னை வெளியே நிறுத்திய மேடையில் ஏறி வஞ்சம் தீர்க்கிற மாதிரி எதுவும் செய்யவில்லை. மற்ற எந்த மேடையையும் போல இங்கேயும் பாடினேன் என்றுதான் எழுதியிருக்கிறார்.

இன்னொரு சம்பவம் என்னைத் தூங்கவிடாதது. இரண்டாம் உலகப் போர் நேரம், அலபாமாவின் பர்மிங்காம் ரயில் நிலையம். அப்போது அவருக்குப் பியானோ வாசித்தவர் ஃப்ரான்ஸ் ரூப், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். உள்ளே போய் அவர் சாண்ட்விச் வாங்கி வர வேண்டியிருந்தது, மரியனுக்கு அனுமதி இல்லை. மரியன் வெளியே நிற்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஜெர்மன் போர்க்கைதிகள்! இந்த நாட்டோடு போர் செய்து பிடிபட்ட சிப்பாய்களுக்கு நாற்காலி உண்டு. வெள்ளை மாளிகையில் இங்கிலாந்து ராஜாவுக்கும் ராணிக்கும் பாடிக் காட்டியவருக்கு இல்லை. இதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் ஷூபர்ட் பாடியவரை ஒதுங்கி நின்றவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடலோரன்:

போர்க்கைதிகள் விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியவில்லை.

செங்குத்துக் கோடு பற்றித் தெரியும், ஆனால் அதை விட்டுக்கொடுத்தல் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன வரிசையில் பார்த்தால் ஒவ்வொரு படியாக நகர்ந்திருக்கிறார் என்பது புரிகிறது. ஆசியப் பயணத்தைப் பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

வெள்ளைமல்லி:

அந்தப் பயணத்தில் அவர் இந்தியாவுக்கும் வந்தார், கடலோரன் சார். டெல்லியில் காந்தி நினைவிடத்தில் நின்று, காந்திக்குப் பிடித்த ‘லீட் கைண்ட்லி லைட்’ என்ற கிறிஸ்தவப் பாடலைப் பாடினார். பத்திரிகையாளர் எட்வர்டு மரோ தயாரித்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்தக் காட்சி இருக்கிறது, 1957 டிசம்பர் கடைசியில் அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பானது. யார் எதற்கு அனுப்பினார்கள் என்பது ஒரு பக்கம். காந்தியின் நினைவிடத்தில் ஒரு கறுப்பினப் பெண் மரியாதையோடு நின்று பாடுவதை லிட்டில் ராக் ஆண்டில் அமெரிக்க வீடுகள் பார்த்தன. அனுப்பியவர்கள் கணக்குப் போட்டதைவிட அது பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

லிட்டில் ராக் பற்றியும் அந்தப் பயணத்தில் அவரிடம் கேட்டார்கள், மழுப்பவில்லை. அந்த மாநில ஆளுநர் ஃபாபஸ் முன் பாடுவீர்களா என்று கேட்டதற்கு, அதனால் ஏதாவது நன்மை வரும் என்றால் பாடுவேன் என்ற பொருளில் பதில் சொன்னார். உங்களுக்கு இது போதாது என்று தோன்றலாம். எனக்கு அவர் அம்மா நினைவுக்கு வருகிறார். பக்தியும் பொறுமையும் உள்ள அம்மா, குரலை உயர்த்தாமல் வாழ்ந்தவர். அவருடைய பெண் இப்படித்தான் பதில் சொல்லியிருக்க முடியும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகமாட்டேன். கச்சேரியில் வருமானம் நிலைத்ததும் மரியன் செய்த முதல் காரியம், அம்மா தரை துடைத்த கடைக்குப் போன் போட்டு, ‘என் அம்மா இனி வேலைக்கு வரமாட்டார்’ என்று சொன்னது. வாழ்க்கையில் எதைச் செய்தபோது மிகவும் சந்தோஷப்பட்டீர்கள் என்று கேட்டால் இந்த போனைத்தான் சொல்வார். லிங்கன் நினைவகத்தையோ ராஜா ராணியையோ சொல்லவில்லை. நான் முதல் சம்பளம் வாங்கிய அன்று என் அம்மாவை வீட்டு வேலைகளிலிருந்து நிறுத்தினேன். அதனால் இந்த இடம் எனக்குப் பாட்டைவிடப் பெரிது.

தெருவிளக்கு:

ஐரோப்பாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அங்கேதான் இவர் பாடகியானார் என்பேன்.

1924-ல் நியூயார்க் டவுன் ஹாலில் கச்சேரி செய்து தோற்றார். கூட்டம் குறைவு, ஜெர்மன் பாட்டுகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பாடுவதையே நிறுத்திவிட்டார், மாதக் கணக்கில். அடுத்த ஆண்டு ஒரு போட்டியில் ஏறக்குறைய 300 பேரில் முதலாவதாக வந்து, ஆகஸ்டில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் லூயிசன் ஸ்டேடியத்தில் பாடினார். பாராட்டு கிடைத்தது, ஆனாலும் அமெரிக்காவில் கச்சேரிகள் பெருகவில்லை. மொழியைச் சரியாகக் கற்காமல் தப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. ரோசன்வால்டு அறக்கட்டளையின் உதவித்தொகையில் பெர்லின் போனார். ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கி மொழி கற்றார். 1930 அக்டோபரில் அங்கே பாடினார்.

அங்கேதான் கோஸ்டி வேஹானெனும் ஒரு நார்வே கச்சேரி ஏற்பாட்டாளரும் அவரைக் கேட்க வந்தார்கள். ‘ஆண்டர்சன்’ என்பது ஸ்காண்டிநேவியப் பெயர். இந்தப் பெயரில் ஒரு கறுப்பினப் பாடகியா என்ற ஆவல். பெயர் கதவைத் திறந்தது, குரல் உள்ளே போனது. 1933, 34-ல் நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, டென்மார்க்கில் நூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். ‘மரியன் காய்ச்சல்’ என்றே பத்திரிகைகள் எழுதின.

ஃபின்லாந்தின் இசையமைப்பாளர் ஜான் சிபேலியஸ் வீட்டுக்குப் போன கதை என் மனசுக்கு நெருக்கமானது. பெரியவர், யாரையும் எளிதில் சந்திக்கமாட்டார். காபி குடிக்கிற நேரம்தான் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். பாடி முடித்ததும் எழுந்து வந்து அணைத்துக்கொண்டு, என் வீட்டுக் கூரை உன் குரலுக்குத் தாழ்வாக இருக்கிறது என்றார். காபி வேண்டாம், ஷாம்பெயின் கொண்டுவா என்று மனைவியைக் கூப்பிட்டார்.

1935-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். விழாக்காரர்கள் அதிகாரபூர்வமாக இடம் தரவில்லை. ஆமாம், அங்கேயும்தான். விழாவுக்கு வெளியே ஒரு ஹோட்டல் கூடத்தில், சில நூறு பேர் முன்னால் பாடினார். கேட்க வந்தவர்களில் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஆர்த்துரோ டோஸ்கனினி இருந்தார். நூறு ஆண்டுக்கு ஒரு முறைதான் இப்படியொன்றைக் கேட்கக் கிடைக்கும் என்று அவர் சொன்னது பிறகு எல்லா விளம்பரத்திலும் ஏறியது. சோல் ஹுரோக் என்ற பெரிய ஏற்பாட்டாளர் அவரை அமெரிக்காவுக்குத் திரும்ப அழைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 30, அதே டவுன் ஹால். கப்பலில் வரும்போது கணுக்கால் முறிந்திருந்தது. மாவுக்கட்டை நீண்ட கவுனுக்குள் மறைத்துக்கொண்டு, திரை விலகும்போதே பியானோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கால் முறிந்ததை யாருக்கும் சொல்லவேண்டாம் என்பது அவர் முடிவு. அனுதாபத்துக்குக் கைதட்டு வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

சோவியத் ரஷ்யாவிலும் பாடினார். மதப் பாடல்கள் வேண்டாம் என்று சொல்லியும் ‘ஆவே மரியா’வையும் ஸ்பிரிச்சுவல்களையும் விடவில்லை. நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி அவரைத் தேடி வந்து, என்னோடு இருந்து ‘கார்மென்’ ஆப்பராவின் நாயகிப் பாத்திரத்தைப் படியுங்கள் என்று அழைத்தார். கச்சேரிகள் இருந்தன, போகவில்லை. பிறகு அதை நினைத்து மிகவும் வருந்தினார்.

சுருதிப்பெட்டி:

தெருவிளக்கு, ‘கார்மென்’ இடத்தில் என் நெஞ்சு அடைத்தது. ஏனென்றால் ஆப்பரா அவருக்குக் கிடைத்தபோது வயது 57.

1955 ஜனவரி 7, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா. வெர்டியின் ‘உன் பாலோ இன் மாஸ்கெரா’வில் உல்ரிகா. அந்த மேடையில் தனிப் பாத்திரம் ஏற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். நிர்வாகி ருடால்ஃப் பிங், இசைக்குழு நடத்துநர் மித்ரோபூலோஸ். திரை எழுந்ததும், ஒரு ஸ்வரம்கூட வருவதற்கு முன், உல்ரிகா தன் கொப்பரையைக் கிளறிக்கொண்டு நிற்கும்போதே அரங்கம் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. தான் நடுங்கிப்போனதாக அவரே எழுதியிருக்கிறார். பதிவைக் கேட்டால் தெரியும். குரல் ஆடுகிறது. 1930களின் குரல் இல்லை அது.

இரண்டு உண்மைகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆப்பராவில் கான்ட்ரால்டோவுக்கு நாயகி பாத்திரம் அரிது. தாய், கிழவி, சூனியக்காரி, குறிசொல்கிறவள், இவைதான். ஆகவே வெள்ளையராகப் பிறந்திருந்தாலும் அவருக்கு ஐம்பது பாத்திரம் காத்திருக்காது. இன்னொன்று கசப்பானது. உல்ரிகா குறிசொல்கிறவள். நாடகத்திலேயே நீதிபதி அவளைக் கறுப்பு ரத்தம் என்று இழித்துப் பேசும் வரி இருக்கிறது. முதல் கறுப்பினப் பாடகிக்கு அந்தப் பெரிய மேடை திறந்தது அந்தப் பாத்திரத்தில்! கடலோரன் சார், உங்கள் கோபத்துக்கு உண்மையான இடம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் போய் நின்றதால் வழி திறந்தது. இருபது நாளில் ராபர்ட் மெக்ஃபெரின் அதே மேடையில் ‘ஐடா’வில் பாடினார். 1961 ஜனவரியில் லியோண்டீன் பிரைஸ் நாயகியாக ‘இல் த்ரோவதோரே’யில் அறிமுகமானார். அதே ஆண்டு கிரேஸ் பம்ப்ரி ஜெர்மனியின் பேய்ராய்ட் ஆப்பரா விழாவில் வீனஸாகப் பாடினார். பள்ளிப் பருவத்தில் மரியனுக்குப் பாடிக் காட்டியவர் அவர். ஜெஸ்ஸி நார்மன் பதினாறு வயதில் பிலடெல்பியாவில் மரியன் பெயரிலான போட்டிக்குப் போய்ப் பாடியவர்.

கடலோரன்:

டீச்சர், நன்றி. நீதிபதி வரி எனக்குப் புதிது.

‘பாடிவிட்டுப் போனார்’ என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் இன்னும் பேசியிருக்கலாம் என்ற எண்ணம் போகவில்லை, அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் தேடியபோது ஒன்று கிடைத்தது. 1944-ல் ஜார்ஜியாவில் 15 வயதுப் பையன் ஒருவன் பேச்சுப்போட்டியில் மரியனைப் பற்றிப் பேசுகிறான். லிங்கன் காலடியில் அப்படிப் பாடியவர் இன்றும் ஒரு நல்ல ஹோட்டலில் இரவு தங்க முடியாது என்கிறான். அந்தப் பையன் மார்ட்டின் லூதர் கிங். பத்தொன்பது ஆண்டு கழித்து, 1963 ஆகஸ்டில், அதே இடத்தில் அவர் தன் புகழ்பெற்ற உரையை நிகழ்த்திய அன்று மரியனும் வந்து பாடினார். தேசிய கீதம் பாட வேண்டியவர், நெரிசலில் நேரத்துக்கு மேடைக்கு வர முடியவில்லை, கமிலா வில்லியம்ஸ் அதைப் பாடினார். மரியன் பிறகு ஒரு ஸ்பிரிச்சுவல் பாடினார்.

நிலா84:

ஒரு சின்னச் சந்தேகம். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். 1939 பதிவில் ‘அமெரிக்கா’ பாட்டில் ‘உன்னை நான் பாடுகிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வீ’ என்று பாடுகிறார். அது நாமா, நாங்களா?

பழைய இசைத்தட்டு:

நிலா, இருபது வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. ஆங்கிலக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, அவர்களிடம் ஒரே சொல்தான்.

பாட்டு நாட்டைப் பார்த்துப் பாடுவது. அப்படிப் பார்த்தால் ‘நாங்கள்’தான் வரும். ஆனால் எதிரே 75,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து நிற்கிறார்கள். அதே நினைவகத்தை 1922-ல் திறந்தபோது கறுப்பினத்தவரைத் தனியாக ஒதுக்கி உட்காரவைத்தார்கள். அந்த இடத்தில் இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு பாடினால் ‘நாம்’.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் தன்னைப் பற்றிப் பேசும்போதே ‘நான்’ என்று சொல்வது குறைவு. ‘நாங்கள் அந்தப் பாட்டைப் பாடினோம்’ என்றுதான் சொல்வார். காரணம் கேட்டதற்கு, பாட்டு எழுதியவர், பியானோ வாசிக்கிறவர், வாத்தியத்தைச் செய்தவர் எல்லாரும் இல்லாமல் ஒருவர் தனியாக என்ன செய்துவிட முடியும் என்றார். அதனால் அன்று வார்த்தையை மாற்றினாரா, வழக்கமாகப் பேசுவது போலவே வந்துவிட்டதா என்று அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். எனக்குக் காதில் ‘நாம்’ என்றுதான் விழுகிறது.

வெள்ளைமல்லி:

எனக்கு ‘நாங்கள்’. பிலடெல்பியா தேவாலயத்தில் காசு போட்டவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லில் இருக்கிறார்கள்.

தெருவிளக்கு:

விடைபெறும் கச்சேரிகளையும் குறித்துவைக்கிறேன். 1964 அக்டோபரில் பயணம் தொடங்கியது எங்கே தெரியுமா, கான்ஸ்டிடியூஷன் ஹாலில்தான். முடிந்தது 1965 ஏப்ரல் 18, கார்னகி ஹால். அதுவும் ஈஸ்டர் ஞாயிறு. 1993 ஏப்ரல் 8-ல் போர்ட்லாந்தில், நடத்துநரான அக்கா மகன்—திருத்தம், தங்கை மகன்—ஜேம்ஸ் டிபிரீஸ்ட் வீட்டில் 96 வயதில் காலமானார். 2024-ல் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும் அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்த ஊரில்தான் கவுன்ட்டரில் காக்கவைத்தார்கள்.

நிலா84:

நேற்று ‘மரணமும் கன்னிப்பெண்ணும்’ ஐந்து முறை கேட்டேன். டீச்சர் சொன்ன அந்தக் கடைசி ஸ்வரம் ஹெட்போனில்தான் முழுசாகக் கேட்கிறது. போன மாதம் பாட்டி தவறிப்போனார்கள். அதற்குப் பிறகு மரணம் பற்றிய எதையும் கேட்கப் பிடிக்காமல் இருந்தேன். இதைக் கேட்க முடிந்தது. அடுத்து என்ன கேட்கட்டும்?

சுருதிப்பெட்டி:

நிலா, பாட்டிக்கு என் அஞ்சலி.

பிராம்ஸின் ‘ஆல்ட்டோ ராப்சடி’ கேளம்மா. ப்யேர் மான்டே நடத்த, சான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபொனியுடன் 1945-ல் பதிவானது. தனிமையில் ஒடுங்கிப்போன ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு, வரிகள் கோதே. முதல் பகுதி இருட்டாக இருக்கும், பொறுத்துக்கொள். கடைசிப் பகுதியில் ஆண்கள் குழு அவர் குரலுக்குக் கீழே வந்து சேரும். அன்பின் தந்தையே, உன் யாழில் இவன் காதுக்கு எட்டும் ஒரு ஸ்வரமாவது இருந்தால் இவன் நெஞ்சைத் தேற்று என்று அங்கே வேண்டுகிறார். பதிவு பழையது, கரகரக்கும். ஹெட்போனிலேயே கேள்.